நானூற்று நாற்பது அடி வீடு

அந்த நகரத்தில் வீடுகள் குடியிருப்பவர்களை அடித்தன. மாதம் ஒரு முறை, ஒன்றாம் தேதி காலை ஏழு மணிக்கு, அடிக்கு ஓர் அடி. எண்பது அடி அறையில் இருப்பவருக்கு எண்பது, இருநூறு அடி வீட்டில் இருப்பவருக்கு இருநூறு. கை தெரியாது, அடி மட்டும் விழும். எல்லாம் பதிவு அலுவலகத்து எழுத்தர் ஒருவரால் வந்தது. அவருக்கு விரல் மூட்டுகளில் வீக்கம். நாளைக்கு நாற்பது வாடகை ஒப்பந்தம் எழுதவேண்டி இருந்ததால் 'சதுர அடி' என்பதில் 'சதுர'வை விட்டுவிட்டார். 'வீட்டுக்காரர் குடியிருப்பவருக்கு இருநூறு அடி கொடுக்கச் சம்மதிக்கிறார்' என்று கையெழுத்தும் முத்திரையுமாகக் காகிதத்தில் ஏறிவிட்டது. வீடுகள் காகிதத்தை மதித்தன. இரண்டு வருடம் கழித்து மாநகராட்சி கூடி, எல்லா ஒப்பந்தங்களிலும் 'சதுர' என்ற சொல்லைச் சேர்க்க உத்தரவு போட்டது. அடுத்த ஒன்றாம் தேதியிலிருந்து காயங்கள் சதுரமாக விழுந்தன. அதற்குமேல் யாரும் திருத்தம் கேட்கவில்லை.

ஊர் பழகிக்கொண்டது. ஒன்றாம் தேதி அலுவலகங்கள் பதினோரு மணிக்குத் திறந்தன. மருந்துக்கடைகள் முதல் நாளே பஞ்சையும் கட்டுத்துணியையும் வாசலுக்கு எடுத்து வைத்தன. நடத்துநர்கள் ஒரு கையில் தூளிக்கட்டோடு இன்னொரு கையால் டிக்கெட் கிழித்தார்கள். பயணிகள் வீங்கிய வாயால் இறங்கும் இடத்தைச் சொல்ல, அவர்கள் சரியாகவே புரிந்துகொண்டார்கள். ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டவருக்குத்தான் அடி. இரண்டு கையெழுத்து இருந்தால் சரிபாதி. தப்பி ஓட முடியாது. ஓடிப்போன ஒருவரை ரயில்பெட்டியில் நூற்று அறுபது பேர் பார்க்க அடித்து, மேல்படுக்கையிலிருந்து கீழே தள்ளியது ஆறு நிறுத்தம் தள்ளி இருந்த அவர் வீடு. பங்களாக்காரர்கள் தங்களுக்குப் பதிலாகக் கையெழுத்துப் போடப் பத்துப் பதினைந்து ஆள் வைத்துக்கொண்டார்கள். மற்ற ஊர்களில் அடியாள் என்றால் அடிக்கிறவன். இந்த ஊரில் வாங்குகிறவன். நல்ல அடியாள் மூன்று வருடம் வருவான்.

இப்படிப்பட்ட ஊருக்கு ஒரு மாதக் கடைசியில் இரண்டு நண்பர்கள் வந்து இறங்கினார்கள். ஒருவன் டைல்ஸ் போடுகிறவன். அவனிடம் டைல்ஸ் வெட்டும் மிஷினும், ரப்பர் சுத்தியும், ஒரு பையும் இருந்தன. மற்றவன் தையல்காரன். பேசுவதெல்லாம் அங்குலத்திலேயே பேசுவதால் அவனை எல்லோரும் அங்குலம் என்றே கூப்பிட்டார்கள். இரண்டு பேரும் ஒரே பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சு. டைல்ஸ்காரனின் மனைவி இறந்து பதினோரு மாதம் ஆகியிருந்தது. காய்ச்சல் என்று படுத்தவள் நான்காவது நாள் இறந்தாள். அவளை ஏற்றிய ஆம்புலன்ஸின் கதவில் அவன் வலது சுட்டுவிரல் நசுங்கியது. அவனுக்குத் தெரியவில்லை. ஆஸ்பத்திரியில் நர்ஸ் சொல்லித்தான் பார்த்தான். அன்றிலிருந்து அவனுக்கு எதுவும் வலிக்கவில்லை. சூடும் தெரியவில்லை, அடியும் தெரியவில்லை. நகம் கறுத்தது, விழவும் இல்லை, வளரவும் இல்லை. அவள் இருந்த வீட்டில் அவனால் இருக்க முடியாததால் நகரத்துக்குப் போகிறேன் என்றான். நகரத்தில் கட்டடம் கட்டிக்கொண்டே இருந்தார்கள். தனியாக விட மனமில்லாமல் அங்குலமும் தையல் மிஷினின் தலையைக் கழற்றிச் சாக்கில் கட்டிக்கொண்டு கிளம்பினான்.

புரோக்கருக்கு ஐம்பது வயது. எல்லாப் பற்களும் இருந்தன. அவர் ஒரு மாடிப்படிக்கு அடியில் இருபத்துநான்கு அடியில் குடியிருந்தார்.

"குடும்பமா, தனியா?" என்று கேட்டார்.

டைல்ஸ்காரன் தரையைப் பார்த்தான்.

"தனிதான் சார். ரெண்டு பேரும் தனி," என்றான் அங்குலம்.

முதலில் காட்டியது அச்சகத்துக்கு மேலே ஓர் அறை. எட்டுக்குப் பத்து, எண்பது அடி. ஜன்னல் கிடையாது. கீழே மிஷின் ஓடும்போது தரை நடுங்கியது. முன்னால் இருந்தவர் விட்டுப்போன இரண்டு கடைவாய்ப்பற்கள் அலமாரியில் இருந்தன. அங்குலத்துக்கு அறை பிடித்துப்போனது. "ஆளுக்கு நாப்பதுடா. பல்லக் கடிச்சுக்கிட்டு இருந்தா முடிஞ்சிரும்," என்றான். "பல்லு இருக்கிற வரைக்கும் கடிக்கலாம்," என்றார் புரோக்கர். இரண்டாவது, ஆறு பேர் சேர்ந்து இருந்த ஒரு வீடு. ஆறு பேரும் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். ஆனால் பழைய வீடு, வகுத்தல் சரியாக வராது. மீதியெல்லாம் கதவுப்பக்கம் படுக்கிறவனுக்கு. கதவுப்பக்கம் ஒரு பாய் காலியாக இருந்தது. பாயின் நிறத்தைப் பார்த்துவிட்டு இருவரும் படியிறங்கினார்கள்.

மூன்றாவது வீடு இரண்டாம் மாடி. இரண்டு அறை, கிழக்கே பார்த்த சமையலறை, அதில் தோளளவு உயரத்தில் ஒரு ஜன்னல். டைல்ஸ்காரன் ஜன்னலருகே கொஞ்ச நேரம் நின்றான். பிறகு பழக்கத்தில் டேப்பை எடுத்து அளந்தான். இருபதுக்கு இருபத்திரண்டு. நானூற்று நாற்பது.

"யாரு சார் இருந்தாங்க இங்க?" என்று அங்குலம் கேட்டான்.

"ஒரு குத்துச்சண்டைக்காரர். மாவட்ட அளவுல கப்பு வாங்கினவர். மூணு மாசம் இருந்தாரு."

"அப்புறம்?"

"மூணாவது மாசம் முன்னூத்துப் பத்து வரைக்கும் நின்னாரு. அதுக்கப்புறம் விழுந்ததெல்லாம் பொணத்து மேல விழுந்ததுதான். வீடு நிறுத்தலையே. எழுதினபடி முழுசும் கொடுத்துட்டுத்தான் விட்டுது."

"இத எடுத்துக்கறோம்," என்றான் டைல்ஸ்காரன்.

அங்குலம் அவனை மாடிப்படிக்கு இழுத்துக்கொண்டு போனான். "உனக்குப் பைத்தியமாடா? நான் ஐம்பது வாங்கினாலே படுத்துருவேன். இருநூத்தி இருபது எங்கடா வாங்குறது?" டைல்ஸ்காரன் சொன்னான்: "நீ வாங்க வேணாம். என் பேரு மட்டும் போட்டுக்கறேன். எனக்குத்தான் வலிக்காதே. உன் மிஷினுக்கு ஓர் அறை ஆச்சு. வெளிச்சமும் இருக்கு." பதினோரு மாதத்தில் அவன் சேர்ந்தாற்போல் இவ்வளவு பேசியது அதுதான் முதல் தடவை. அந்தச் சந்தோஷத்தில் அங்குலம் ஏமாந்து போனான்.

ஒன்றாம் தேதி டைல்ஸ்காரன் ஸ்டூலைக் கூடத்தின் நடுவில் போட்டு உட்கார்ந்தான். ஏழு மணிக்கு முதல் அடி காதோரம் விழுந்தது. ஸ்டூலோடு சரிந்தான், எழுந்து உட்கார்ந்தான். நாற்பதாவதில் புருவம் பிளந்தது. தொண்ணூறில் ஒரு பல் தெறித்துத் தையல் மிஷின்மேல் பட்டு விழுந்தது. நூற்றைம்பதுக்குமேல் அவனால் உட்கார முடியவில்லை. தரையில் கிடக்க, வீடு குனிந்து அடித்தது. அவன் முகத்தில் ஒரு சுளிப்பும் இல்லை. பக்கத்து வீட்டு ரேடியோவில் ஓடிய செய்தியை விடாமல் கேட்டான். சுவரோடு ஒட்டி நின்ற அங்குலம் எண்ண வேண்டாம் என்று நினைத்தும் எண்ணினான். பசை சரியாகப் பிடிக்காத டைல்ஸைச் சுத்தியால் தட்டினால் உள்ளே காற்று நிற்பது சத்தத்தில் தெரியும். நண்பனின் மார்பில் விழுந்த ஒவ்வொரு அடியும் அப்படித்தான் கேட்டது. எட்டேகாலுக்கு வீடு ஓய்ந்தது. டைல்ஸ்காரன் எழுந்து பல்லைத் தேடியெடுத்துக் குப்பையில் போட்டு, ரத்தத்தைத் துடைத்துவிட்டு, மத்தியானம் வேலைக்குப் போனான். இரண்டு விலா எலும்பு உடைந்திருந்தது மூன்றாம் நாள்தான் தெரிந்தது. அன்று அவன் முழங்காலில் நின்று ஒரு குளியலறைக்கு டைல்ஸ் ஒட்டிக்கொண்டிருந்தான், இருமினான், இடுக்குகளில் பூசிய வெள்ளைப்பூச்சு இளஞ்சிவப்பாகிவிட்டது. வீட்டுக்காரம்மாவுக்கு அந்த நிறம் பிடித்திருந்ததால் அப்படியே விடச் சொன்னாள்.

இரண்டாவது மாதம் தோளெலும்பு போனது. இடது கண் மூடிக்கொண்டது. ஒரு காதில் சத்தம் நின்றது. முதுகு முழுக்க, கோடு தப்பாமல் ஒட்டியது போல் சதுரம் சதுரமாகக் கறுத்திருந்தது. தெருமுனை டாக்டர் அவனைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு அங்குலத்தைத் தனியே கூப்பிட்டார். "வலிக்குதுன்னு கத்துறவன் உடம்பைச் சுருட்டிக்குவான், தலையை மூடிக்குவான். அவன் பொழைச்சுக்குவான். இவரு விரிச்சுப்போட்ட துணி மாதிரி கெடக்காரு. அடுத்த ஒண்ணாம் தேதி தாண்ட மாட்டாரு."

அன்று சாயங்காலம் அங்குலம் கேட்டான்: "அந்த அச்சக ரூம் இன்னும் காலியாத்தான் இருக்கு. போயிரலாமாடா?"

"இங்க என்ன குறை?"

"குறையா? உன் மூஞ்சியக் கண்ணாடியில பாத்தியா? நேத்து தண்ணி புடிக்கப் போனா, பக்கத்து வீட்டம்மா உன்ன என் அப்பாவான்னு கேக்கறாங்க."

டைல்ஸ்காரன் சமையலறைக்குப் போய் ஜன்னலருகே நின்றுகொண்டான். அங்குலம் அவன் முதுகைப் பார்த்தான். அப்போதுதான் அவனுக்கு விளங்கியது.

"நீ வீடு பாக்கலடா," என்றான். "சாகறதுக்கு இடம் பாத்திருக்க. அதுக்கு என்னையும் கூட்டிக்கிட்டு வந்து, வெளிச்சம் இருக்கு, உன் மிஷினுக்கு ரூம் இருக்குன்னு கதை விட்டிருக்க."

டைல்ஸ்காரன் திரும்பாமல் ஜன்னல் விளிம்பைத் தடவினான். "அவ ஜன்னல் வச்ச சமையக்கட்டு வேணும்னு கேட்டுக்கிட்டே இருந்தா," என்றான்.

மறுநாள் அங்குலம் வேலைக்கு மட்டம் போட்டுவிட்டுப் பதிவு அலுவலகத்துக்குப் போனான். வீங்கிய விரல் எழுத்தர் ஓய்வு பெற்று, அவர் மகள் அந்த நாற்காலியில் இருந்தாள். பெயரைச் சேர்க்க வேண்டும் என்றான். "சேர்க்கலாம். ஆனா இருநூத்தி இருபதுண்ணா. உங்க உடம்புக்கு ஆகுமா?" என்று அவனை ஏற இறங்கப் பார்த்தாள். "நெஞ்சு முப்பத்திரண்டு அங்குலம்மா. தைக்கிறதுக்குத் துணி கம்மி, அடிக்கிறதுக்கும் இடம் கம்மி," என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டான். நண்பனிடம் மூச்சுவிடவில்லை.

மூன்றாவது மாதம் ஒன்றாம் தேதி டைல்ஸ்காரன் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தான். ஏழு மணிக்கு முதல் அடி அங்குலத்தின் தாடையில் விழுந்தது. அவன் தையல் மிஷினோடு சேர்ந்து புரண்டான். அதே நொடி, பதின்மூன்று மாதமாக ஊசி குத்தினால்கூடத் தெரியாத டைல்ஸ்காரன், "அம்மா!" என்று அலறித் தன் தாடையைப் பிடித்துக்கொண்டான். இரண்டாவது அடி அவன்மேலேயே விழுந்தது. அது அவனுக்கு ஒன்றும் செய்யவில்லை. மூன்றாவது அங்குலத்தின் வயிற்றில். டைல்ஸ்காரன் மடங்கி விழுந்தான்.

"என்னடா பண்ணித் தொலைச்ச?"

"பாதி… என்னோடது," என்றான் அங்குலம். வாயில் ரத்தம் வழிந்தது.

டைல்ஸ்காரன் தவழ்ந்துபோய் அவன்மேல் கவிழ்ந்து படுத்தான். பயனில்லை. அங்குலத்துக்கு எழுதியது இவன் உடம்பைத் தாண்டிச் சரியாக அங்குலத்திடம் போனது. மூக்கு நொறுங்கும் சத்தம் இவன் நெஞ்சுக்கடியில் கேட்டது. மூக்கின் வலி இவன் மூக்கில் வந்தது. "நிறுத்து, நிறுத்துடா!" என்று சுவரைப் பார்த்துக் கத்தினான். ரப்பர் சுத்தியை எடுத்துச் சுவரை அடித்தான்; அடித்து அடித்துச் சாந்து பெயர்ந்து செங்கல் தெரிந்தது. வீடு அதைப் பொருட்படுத்தாமல் தன் வேலையைப் பார்த்தது. நூறில் அங்குலத்தின் இடதுகை முறிந்தது. நூற்றெழுபதில் அவன் நினைவு தப்பினான். அதற்குப் பிறகு விழுந்த அவன் அடிகளையெல்லாம் டைல்ஸ்காரன்தான் விழிப்போடு பட்டான். தலையை மூடிக்கொண்டான், உடம்பைச் சுருட்டிக்கொண்டான், அங்குலத்தின் தலையையும் கையால் மூடினான். இருவருக்கும் இருநூற்று இருபதாவது அடி விழுந்து வீடு ஓய்ந்ததும், எல்லா வலிக்கும் பின்னால் வரிசையில் நின்றது போல, வலது சுட்டுவிரல் வலிக்க ஆரம்பித்தது. ஆம்புலன்ஸ் கதவில் நசுங்கிய விரல். அதைப் பிடித்துக்கொண்டு அவன் நினைவில்லாத நண்பனின் பக்கத்தில் உட்கார்ந்து, மனைவியின் பெயரைச் சொல்லி, தெருவே கேட்கும்படி அழுதான். ஒன்றாம் தேதி என்பதால் யாரும் எட்டிப் பார்க்கவில்லை.

அங்குலம் பத்தொன்பது நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தான். கண் விழித்ததும் முதலில் மிஷின் உடைந்துவிட்டதா என்று கேட்டான். பிறகு, "அச்சக ரூம்?" என்றான். "நேத்தே எழுதியாச்சு. ரெண்டு பேர் பேரும் போட்டிருக்கு," என்றான் டைல்ஸ்காரன். கறுத்த நகம் விழுந்து, அந்த இடத்தில் நெல்மணியளவு புது நகம் முளைத்திருந்தது.

அந்த எண்பது அடி அறையில் அவர்கள் ஒன்பது வருடம் இருந்தார்கள். டைல்ஸ்காரன் அலமாரியிலிருந்த இரண்டு பற்களையும் எடுத்துப் போட்டுவிட்டு, ஜன்னல் இல்லாத சுவரில், வேலை செய்த வீடுகளில் மிஞ்சிய டைல்ஸ் துண்டுகளை ஒட்டி ஜன்னல் அளவுக்கு ஒரு சதுரம் செய்தான். அங்குலத்தின் இடதுகை முழுதாக நீளவில்லை. வலதுகையாலேயே தைக்கப் பழகிக்கொண்டான். நாலாவது வருடம் அவனுக்குக் கல்யாணமாகி மூன்றாவது கையெழுத்துச் சேர்ந்தது. அந்தப் பெண் பிடிவாதக்காரி. மீதியாக வந்த இரண்டு அடியையும் தானே வாங்கிக்கொண்டாள். அறையின் குறுக்கே திரை தொங்கியது. ஒன்றாம் தேதி மட்டும் திரையை விலக்கிவிட்டு, பாயில் முதுகோடு முதுகு சேர்த்துத் தலையை மூடிக்கொண்டு உட்காருவார்கள். கடைசி அடி எப்போதும் கொஞ்சம் மெதுவாகத்தான் விழுகிறது என்று அங்குலம் சொல்வான். டைல்ஸ்காரன் ஒத்துக்கொண்டதே இல்லை. அவனுக்கு எல்லாமே ஒரே மாதிரி வலித்தது.