பம்புக்கு வந்த கரண்ட்

யாரினா கால்நடை டாக்டர். பொல்தாவா நகரத்துக்குப் பக்கத்தில் அவள் ஊர். இனி பெட்ரோல் விலை ஏறினாலும் எனக்கென்ன என்று மின்சாரக் கார் வாங்கியவள். போர் நடந்துகொண்டிருந்தது; குளிர் தொடங்கியதும் மின்நிலையத்தில் ஏவுகணை விழுந்தது, ஊரே இருண்டது. எதிர்வீட்டுப் பனாஸுக்கு ஒரே கொண்டாட்டம்.

"என்ன டாக்டரம்மா, வண்டிக்கு இன்னைக்கு விரதமா?" என்றார், தன் பழைய ஜிகுலி பெட்ரோல் காரில் சாய்ந்துகொண்டு.

"பாதி சார்ஜ் இருக்கு மாமா."

"அதுவும் தீர்ந்தா? வாயால ஊதி ஏத்துவியா?"

மறுநாள் காலை யாரினா வேலைக்குக் கிளம்பினாள். பெட்ரோல் பங்க்கில் வண்டிகள் வால்போல நீண்டு நின்றன. நடுவில் பனாஸின் ஜிகுலி. முன்னால் ஓர் ஆம்புலன்ஸ். பூமிக்கடியில் பெட்ரோல் குளமாகக் கிடக்கிறது, மேலே இழுக்கும் பம்புக்குத்தான் கரண்ட் இல்லை. ஜெனரேட்டரும் படுத்துவிட்டது. பங்க்காரர் யுகிம் ஓடி வந்து அவள் காரை மறித்தார்.

"உங்க வண்டியிலேருந்து கரண்ட் எடுக்கலாமாமே? ஆம்புலன்சுக்கு மட்டும் போதும்மா."

மறுக்க மனம் வரவில்லை. ஒயரை மாட்டினார்கள். பம்பு உறுமியது. ஆம்புலன்ஸ் போனது.

"அடுத்தவரு பாவம், ரொம்ப நேரமா நிக்கிறாரு" என்றார் யுகிம். அடுத்தவருக்கு அடுத்தவரும் பாவம்தான். கூட்டம் குளிரில் நடுங்கவே ஹீட்டரைப் போட்டார். பிறகு காபி மெஷினையும். பனாஸ் டேங்க் நிறைய நிரப்பிக்கொண்டு, காபியும் குடித்தார். நண்பகலுக்குள் காரில் சார்ஜ் அடிமட்டத்துக்கு வந்துவிட்டது.

அப்போதுதான் போன் வந்தது. ஆற்றுக்கு அக்கரையில் லுக்கியா வீட்டுப் பசு, கன்று போட முடியாமல் தவிக்கிறது.

யாரினா பனாஸைப் பார்த்தாள். அவர் ஜிகுலியின் கதவைத் திறந்தார். வழியெல்லாம் பெட்ரோல் நாற்றம் குமட்டியது. பையை மடியில் இறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

கன்றின் கால் உள்ளே மடங்கியிருந்தது. தோள்வரை கையை விட்டு, நிமிர்த்தி, இழுத்தாள். ஈரமும் ஆவியுமாகக் கன்று வைக்கோலில் விழுந்து தும்மியது.

லுக்கியா ஓடிப்போய்ப் பனாஸின் கையைப் பிடித்துக்கொண்டாள். "நல்ல நேரத்துல கூட்டியாந்தீங்க அண்ணே! அந்தக் கரண்ட் காரை நம்பியிருந்தா என் மாடு போயிருக்கும்!"

யாரினா வாளியில் கை கழுவிக்கொண்டே காதைத் தீட்டினாள்.

பனாஸ் தொண்டையைச் செருமினார். "அதைத்தானேம்மா நானும் சொல்லிக்கிட்டே இருக்கேன்" என்றார்.