பின்னால் போன கூடாரம்

மூன்றாம் நாள் மாலை கடற்கரையில் அடித்த கூடாரம், நான்காம் நாள் காலையில் பதினைந்து கிலோமீட்டர் பின்னால் இருந்தது. முளைகள் மணலில் இறங்கியபடியே இருந்தன, கயிறுகள் விறைப்பாக இருந்தன, கொக்கியில் மாட்டிய விளக்கு அசையாமல் தொங்கியது. உள்ளே தூங்கிய நான்கு பேருக்கும் ஒரு குலுங்கல்கூடத் தெரியவில்லை. முதல் நாள் ஆறு கிலோமீட்டர், இரண்டாம் நாள் ஒன்பது. வண்டி மட்டும் நிறுத்திய இடத்திலேயே நின்றது. அதனால் தினமும் காலையில் புருஷனும் பெண்டாட்டியும் காலி வயிற்றோடு மணலில் நடந்துபோய் வண்டியை எடுத்துவந்து, கூடாரத்தைச் சுருட்டி ஏற்றி, நேற்றுப் போன வழியிலேயே மறுபடி போக வேண்டியிருந்தது.

குடும்பத் தலைவர் எடைமேடை மெக்கானிக். லாரியைச் சரக்கோடு ஏற்றி நிறுத்தி எடை பார்க்கும் பெரிய இரும்பு மேடைகளைப் பழுது பார்ப்பவர். அவர் மனைவி பள்ளிக்கூட வேன் ஓட்டுபவர். இந்தப் பயணமும் அந்த மஞ்சள் வேனில்தான். மகளுக்கு இருபத்துமூன்று வயது. கடற்கரைச் சாலை முடியும் இடத்திலிருந்து படகில் ஒரு பகல் தூரத்தில் இருக்கும் தீவில், வானிலை நிலையத்தில் அவளுக்கு வேலை கிடைத்திருந்தது. படகு ஆறு மாதத்துக்கு ஒரு முறை. பதின்மூன்றாம் நாள் காலை அதில் அவள் ஏறவில்லை என்றால், பட்டியலில் அவளுக்கு அடுத்த பெயருக்கு வேலை போய்விடும். நான்காவது ஆள் அத்தை, மெக்கானிக்கின் தங்கை. தையல் கடையைப் பதினைந்து நாள் பூட்டிவிட்டு, யாரும் கூப்பிடாமலே பையோடு வந்து முன்சீட்டில் உட்கார்ந்துகொண்டவர்.

படகுத்துறை வரை உள்ள தொள்ளாயிரம் கிலோமீட்டரை ஏன் ஒரே ஓட்டமாக ஓட்டிவிடக் கூடாது என்று கேட்கலாம். அங்கே சாலை என்று சொல்வது பெரும்பாலும் ஈர மணல்தான். கடல் இறங்கியிருக்கும்போது மணல் தார் போல இறுகி வண்டியைத் தாங்கும். ஏறும்போது அதன்மேல் ஆள் உயரத் தண்ணீர் நிற்கும். பகலில் ஐந்து மணி நேரம் கிடைத்தால் அதிகம், நூறு கிலோமீட்டர் போகலாம். வழியில் தங்க விடுதி கிடையாது; தண்ணீர் எட்டாத மேட்டு மணலில் கூடாரம்தான். ஒன்பது நாளில் போய்விடலாம், மூன்று நாள் கையில் மிச்சம் என்று கணக்குப் போட்டுத்தான் கிளம்பினார்கள்.

மெக்கானிக் இதைப் பழுதாகத்தான் பார்த்தார். பழுது என்றால் காரணம் இருக்கும்; காரணம் தெரிய, ஒவ்வொன்றாகக் கழித்துப் பார்க்க வேண்டும். நான்காம் நாள் கூடாரத்தின் நான்கு மூலையிலும் பாறாங்கல் வைத்து, போதாததற்கு இழுவைக் கயிற்றால் வேனோடு கட்டினார். மறுநாள் காலையில் கூடாரம், கல், வேன் எல்லாமே இருபத்திரண்டு கிலோமீட்டர் பின்னால் இருந்தன. கல் இம்மியும் நகராமல் அந்தந்த மூலையிலேயே இருந்தது. இனி நடக்க வேண்டாம் என்பது ஒரு லாபம்.

அடுத்து ஆட்களைக் கழித்தார். முதல் சந்தேகம் அத்தையின் குறட்டைமேல்.

"ஆமா, என் குறட்டைக்கு நாலு சக்கரம் மாட்டியிருக்கு பாரு" என்றார் அத்தை. "ஏன் அண்ணா, வீட்ல நான் குறட்டை விடும்போது வீடு எந்த ஊருக்குப் போச்சு?"

ஆனாலும் அன்றைக்குப் பாயைத் தூக்கிக்கொண்டு வெளியே போய்ப் படுத்தார். கூடாரம் முப்பத்தொரு கிலோமீட்டர் பின்னால் போனது. வெறும் மணலில் கடலைப் பார்த்துத் தனியாக உட்கார்ந்திருந்த அத்தையைத் தேடிவந்து ஏற்றிக்கொண்டபோது, அவர் பாயை உதறி மணலையெல்லாம் அண்ணன்மேல் கொட்டினார். மறுநாள் வேனை அவிழ்த்துவிட்டு, மனைவியையும் மகளையும் வேனில் படுக்கச் சொன்னார். கூடாரம் நாற்பது போனது. நோட்டுப் புத்தகத்தில் மூன்று பெயரையும் அடித்துவிட்டு, 'காரணம் ஆள் அல்ல' என்று எழுதினார்.

இந்தத் தப்பை எடைமேடைக்காரர் ஒருவர்தான் செய்ய முடியும். அந்தத் தொழிலில் முதல் விதி, எடை பார்க்கும் முன் நீ மேடையை விட்டு இறங்கு என்பது. மேடையில் நின்றுகொண்டே முள்ளைப் பார்த்தால் உன் அறுபத்தெட்டுக் கிலோவும் லாரிக்காரன் தலையில் விழும். இருபத்தாறு வருஷமாகத் தினமும் இறங்கி இறங்கி, எந்தக் கணக்கிலிருந்தும் தன்னைக் கழித்துவிடுவது அவருக்குக் கண் சிமிட்டுவதுபோலப் பழகிவிட்டது.

ஏழாம் நாள் இரவு அவர் தூங்காமல் காவல் இருந்தார். கூடாரம் ஒரு சாண்கூட நகரவில்லை. பார்த்துக்கொண்டிருந்தால் நகராது என்று நோட்டில் எழுதிவிட்டு, எட்டாம் நாள் பகலில் வேன் சீட்டில் சாய்ந்து தூங்கிப்போனார். வேன் மணிக்கு இருபது கிலோமீட்டர் வேகத்தில் ஓடியது. சக்கரம் சுற்றியது, மணல் தெறித்தது, ஆனால் ஜன்னலுக்கு வெளியே உடைந்த ஒரு மரக்கம்பம் ஒரு மணி நேரமாக அதே இடத்தில் நின்றது. பிறகு மெதுவாக முன்னால் போகத் தொடங்கியது. மனைவி இருபது வருஷமாக வண்டி ஓட்டுபவர். வண்டியில் குறை இருந்தால் காலிலேயே தெரியும். வண்டியில் குறை இல்லை. எட்டிப் புருஷன் முழங்காலில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டினார். அவர் விழித்தார். வேன் கட்டறுத்த கன்றுபோல முன்னால் பாய்ந்தது, அத்தையின் தலை கூரையில் இடித்தது.

"என்னங்க, இவ்வளவு நாளா நம்மளை இழுத்துட்டுப் போனது நீங்கதான்" என்றார் மனைவி.

"நானா? நான் எங்க இழுத்தேன்? நான் தூங்கினேன்."

"அதைத்தான் சொல்றேன்."

மகள் பின்சீட்டிலிருந்து கேட்டாள். "அப்பா, நான் போறதுல உங்களுக்கு இஷ்டம் இல்லையா?"

"இஷ்டம் இல்லாமலா உனக்குக் கையுறை ரெண்டு ஜோடி வாங்கினேன்?" என்றார் அவர். அது உண்மைதான். விண்ணப்பத்தை அஞ்சலில் சேர்த்ததும் அவர்தான். அன்று மாலை அவர் கடலுக்கு முன் நின்று, மகள் போக வேண்டும், நல்ல வேலை, நான் சந்தோஷப்படுகிறேன் என்று சுத்தமான மனதோடு ஐம்பது தடவை சொல்லிவிட்டு வந்து படுத்தார். காலையில் அறுபது கிலோமீட்டர் பின்னால் இருந்தார்கள். முன்னூற்று நாற்பது கிலோமீட்டர் பாக்கி, நான்கு பகல் பாக்கி. ஒவ்வொரு தூக்கமும் பகலில் போனதில் பாதிக்கு மேல் விழுங்கிவிடும் என்றால், படகு வரும் அன்று பாக்கி வழியில் பாதிகூடத் தாண்டியிருக்க மாட்டார்கள். நான்கு நாள் தூங்காமல் இருக்கிறேன் என்றார் அவர். சொல்லும்போதே கண் செருகியது, வேன் ஒரு முழம் பின்னால் சறுக்கியது.

மகள் அழவில்லை, கோபப்பட்டாள். "மனசை மாத்திக்கிட்டேன்னு சும்மா சொல்லாதீங்கப்பா. உங்களுக்கு அது வராது. மாறாத மனசை வெச்சுக்கிட்டு என்ன செய்றதுன்னு யோசிங்க. உங்க தொழில்ல பாகம் மாத்த முடியலைன்னா விட்டுட்டா வருவீங்க?"

இப்படி ஒரு கேள்வியை அவர் காதில் போட்டால் போதும், மற்றதெல்லாம் மறந்துவிடும். மணலில் குந்தி உட்கார்ந்து விரலால் மூன்று கோடு போட்டார். குவாரி எடைமேடையில் கல்லை ஏற்றிவிடும் பெல்ட் ஒன்று இருக்கும், அதை ஓட்டுகிற மோட்டாருக்கு மூன்று ஒயர். புதிதாக மாட்டும்போது சில சமயம் பெல்ட் தலைகீழாக ஓடும், கல்லெல்லாம் வந்த வழியே திரும்பி வரும். விவரம் தெரியாதவன் மோட்டாரைக் கழற்றுவான். மோட்டாரில் ஒரு குறையும் கிடையாது, பலம் அதே பலம்தான். மூன்றில் ஏதாவது இரண்டு ஒயரை இடம் மாற்றி மாட்டினால் நேராக ஓடும். இதைச் சொல்லிக்கொண்டே வந்தவர் பாதியில் நிறுத்தி, கூடாரத்தைப் பார்த்தார்.

"எனக்கு எது ரெண்டு முனை?" என்று கேட்டார்.

"தலையும் காலும்" என்றார் அத்தை, ஊசியில் நூல் கோத்தபடியே. அவருக்கு அது ஒரு கேள்வியாகவே தோன்றவில்லை.

கூடாரத்தின் வாசல் எப்போதும் போகிற பக்கம் பார்த்து இருக்கும். வாசலுக்குக் காலை நீட்டிப் படுப்பது அவர் வழக்கம்; அதாவது தலை வீட்டுப் பக்கம். வேன் சீட்டில் சாய்ந்தாலும் தலை பின்பக்கம். பகலிலேயே சோதித்துப் பார்த்தார்கள். வேனுக்குள் பிள்ளைகள் எதிரும் புதிருமாக உட்காரும் பெஞ்சுகளில், பின்னால் பார்த்திருந்த பெஞ்சில் அவரை உட்காரவைத்து, தலையை வண்டியின் முன்பக்கமாகச் சாய்த்து வைத்தார்கள். காவல் இருந்த இரவின் தூக்கக்கடன் இன்னும் தீரவில்லை. நிமிஷத்தில் தூங்கிவிட்டார். மனைவி இன்ஜினை நிறுத்தினார். வேன் போய்க்கொண்டே இருந்தது.

"அண்ணி, பிரேக்காவது வேலை செய்யுதா?" என்றார் அத்தை.

"செய்யும். ஆனா போடவே மனசு வரல. இவரு கல்யாணம் ஆன நாள்லேர்ந்து இவ்வளவு வேகமா எங்கயும் போனதில்ல."

பதினோராம் நாள் காலையில் கூடாரம் படகுத்துறையிலிருந்து இருநூறு அடியில் நின்றது. துறைக்காவலர் வந்து, இங்கே கூடாரம் அடிக்கக் கூடாது என்றார். அடிக்கவில்லை, வந்தது என்றார்கள். சரி, மதியத்துக்குள் எடுத்துவிடுங்கள் என்று சொல்லிவிட்டு அவர் போய்விட்டார்.

படகு பதின்மூன்றாம் நாள் சரியாக வந்தது. மகள் இரண்டு பெட்டியோடு ஏறினாள். அப்பா பெட்டியின் பூட்டை இரண்டு முறை இழுத்துப் பார்த்தார். படகு கண்ணுக்கு மறையும்வரை அவர் தூங்கிவிடாமல் இருக்க மனைவி ஒரு பக்கமும் தங்கை ஒரு பக்கமும் உட்கார்ந்து மாறி மாறித் தேநீர் கொடுத்தார்கள்; மாலுமியும் விஷயம் கேள்விப்பட்டு, கொஞ்சம் விரைவாகவே ஓட்டினார்.

இரண்டு வருஷ வேலை ஏழு வருஷமாக நீண்டது. ஆறு மாதத்துக்கு ஒரு முறை படகு துறையில் நிற்கும் ஒரு நாளில், மகள் கரைக்கு வருவாள். பதினான்கு தடவை அவர்கள் அந்தக் கடற்கரையில் போய்வந்தார்கள். அவர் மனதின் இழுப்பு அந்த ஏழு வருஷத்தில் ஒரு கிராம்கூடக் குறையவில்லை, குறைக்க யாரும் முயலவும் இல்லை. வேனைக் கூடாரத்தோடு கட்டுவார்கள். போகும்போது அவர் துறைப் பக்கம் தலைவைத்துப் படுப்பார், வரும்போது வீட்டுப் பக்கம்.