வெறுங்கூட்டில் அடை

“இன்னொரு தடவை தண்ணியில முக்கு, வெறி தெளிஞ்சிடும்,” என்றான் புருஷன், கோழியிடம் கொத்து வாங்கிய கட்டைவிரலை உதறிக்கொண்டே.

“மூணு தடவை முக்கியாச்சு. அதுக்கு வெறி இல்ல, அடைக்கு உக்காந்திருக்கு,” என்றாள் தையல்காரி.

“முட்டையே இல்லாமலா? உன் வளர்ப்பாச்சே, பிடிவாதத்துக்குக் கேக்கணுமா!”

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. போன மாதம்வரை மடியில் ஏறித் தூங்கிய கோழி, இப்போது இறகைச் சிலிர்த்துக்கொண்டு வெறும் வைக்கோலைக் காத்துக் கிடந்தது. இரண்டு வாரமாகச் சரியாகத் தீனி எடுக்கவில்லை. நெஞ்செலும்பு கையில் தட்டியது. குஞ்சு பொரித்தால்தான் எழுந்திருக்கும், இல்லையென்றால் இப்படியே செத்துப்போகும். அவர்களிடம் சேவல் இல்லை; சேவல் சேராத முட்டை பொரிக்காது.

தெருவில் சேவல் வைத்திருந்தது பக்கத்து வீட்டுக்காரி மட்டும்தான். தூக்கத்தைக் கெடுக்கிறது, கழுத்தைத் திருகிப் போடுங்கள் என்று ஊர் கேட்கக் கத்தியவள் தையல்காரிதான். அன்றிலிருந்து பேச்சுவார்த்தை இல்லை.

“நீங்க போய்க் கேளுங்களேன்.”

“வாயை விட்டது நீ. நீயே போ.”

மதிலுக்கு அந்தப் பக்கம் பக்கத்து வீட்டுக்காரி துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். இவளைப் பார்த்ததும் முதுகைத் திருப்பிக்கொண்டாள்.

“அக்கா, எவ்வளவு வேணா திட்டிக்கோங்க. உங்க கோழி முட்டை நாலு மட்டும் குடுங்க.”