ஹீட்டரில் வைத்த எண்ணெய்

ஆராவ் நகரில் 1987ஆம் ஆண்டு, பூஞ்சணம் பிடித்த பழைய கமெரா லென்சைக் கழற்றித் துடைத்து, திரும்பப் பூட்டி, வாங்கிய நாளில் இருந்ததைவிட நல்லதாக்கிக் கொடுக்க ஒருத்தி இருந்தாள் என்றால், அது நான்தான். இதைச் சொல்ல எனக்கு ஒரு கூச்சமும் இல்லை. வேலை தெரியாதவர்கள் கூச்சப்படட்டும்.

யாழ்ப்பாணத்தில் ஒரு கல்லூரி விஞ்ஞானகூடத்தில் எட்டு வருடம் உதவியாளராக இருந்தேன். மாரி முடிந்தால் நுணுக்குக்காட்டிக் கண்ணாடிகளில் சிலந்தி வலை மாதிரிப் பூஞ்சணம் ஓடியிருக்கும். பதினாறு நுணுக்குக்காட்டிகளையும் கழற்றித் துடைத்துப் பூட்டுவது என் பொறுப்பு. சுவிசுக்கு வந்தபின் கிடைத்ததோ ஒரு கமெராக் கடையைக் கூட்டித் துடைக்கிற வேலை. அந்தக் கடையில் ஒரு மேசை லாச்சி நிறையப் பழுதான லென்சுகள் கிடந்தன. ஒரு நாள் ஒன்றைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தேன். அடடா, இது நம்முடைய பழைய சிநேகிதர் பூஞ்சணம்தான்!

வீட்டுக்குக் கொண்டுபோகலாமா என்று முதலாளியிடம் கேட்டேன். அவர் சிரித்துக்கொண்டே தலையாட்டினார். மூன்றாம் நாள் திருப்பிக் கொடுத்தபோது சிரிப்பு நின்றுவிட்டது. அதன்பிறகு ஒவ்வொரு கிழமையும் ஒன்றிரண்டு லென்ஸ் என் கைப்பையில் வீட்டுக்கு வரும். சமையலறை மேசையில் வெள்ளைத் துணி விரித்து, கை கழுவும் தொட்டியின் றப்பர் மூடியால் முன்வளையத்தை அழுத்தித் திருகிக் கழற்றுவேன். ஆணிகளைக் கழற்றிய ஒழுங்கிலேயே முட்டைப் பெட்டிக் குழிகளில் போடுவேன். ஆணி ஒன்று மாறினாலும் எனக்குச் சோறு இறங்காது.

எல்லாம் நல்லாகத்தான் போனது, ஒன்றைத் தவிர. லென்சோடு கொடுக்கிற துண்டுச் சீட்டில் ‘பழுதுபார்த்தவர்’ என்று ஒரு கோடு இருக்கும். அதில் முதலாளி தன் பெயரை எழுதுவார். ஒரு நாள் நான் தரையைத் துடைத்துக்கொண்டிருக்க, ஒரு அம்மா அவருடைய கையைப் பிடித்து, “உங்களுக்குத் தங்கக் கை” என்றாள். அந்த மனிதரும் கொடுப்புக்குள் சிரித்துக்கொண்டு நின்றார்.

வீட்டுக்கு வந்து என் கணவர் சண்முகநாதனிடம் கொட்டித் தீர்த்தேன். அவர் ஒரு உணவகத்தில் கோப்பை கழுவிவிட்டு வந்து காலை நீட்டி இருந்தார்.

“விடுமப்பா. அந்த மனுசன் வேலை தாறான்தானே. அதுக்கு மேலை உமக்கு என்ன வேணும்?”

“இது இவளின்ரை கைவேலை எண்டு அந்தாள் தன்ரை வாயாலை ஒருக்காச் சொல்லவேணும். எனக்கு அது காணும்.”

“சொல்லாட்டி?”

“சொல்லாட்டி என்ரை குணம் உங்களுக்குத் தெரியும்தானே.”

“ஓமோம், எனக்குத் தெரியும். பாவம், அவனுக்குத்தான் தெரியாது” என்று சொல்லிவிட்டு அவர் மற்றப் பக்கம் திரும்பிச் சிரித்தார்.

தை மாதத்தில் ஒரு சனிக்கிழமை, கடை பூட்டும் நேரம் முதலாளி ஒரு லென்சைத் தந்தார். வீட்மர் என்ற ஓய்வுபெற்ற தபால்காரருடையது. பனிக்காலத்தில் எங்கடின் பள்ளத்தாக்குக்குப் போய் மலை ரயில்களைப் படம் எடுப்பது அவருக்குப் பைத்தியம். திங்கள் ஒன்றரைக்குக் கடை திறந்ததும் வாங்கிக்கொண்டு மூன்று மணி ரயிலில் ஏறப்போகிறார். நான் துணிந்து கேட்டேன்: “இந்த முறை, யார் செய்தது என்று அவரிடம் சொல்வீர்களா?” முதலாளி மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார், போட்டார். “நன்றாக வந்தால் சொல்கிறேன்” என்றார்.

நன்றாக வந்தால்! அந்த ஒரு சொல்லுக்காகவே ஞாயிறு முழுக்க அந்த மேசையை விட்டு எழும்பவில்லை. மருந்துக்கடைப் பேரொட்சைட்டில் நனைத்த பழைய வேட்டித் துண்டால் பூஞ்சணம் ஒரு நூல்கூட இல்லாமல் துடைத்தேன். அடுத்தது, தூரத்துக்கும் கிட்டத்துக்கும் திருப்புகிற வளையம். அதற்குள் திருகுப் புரி இருக்கிறது. பிரிந்த இடத்திலேயே அது திரும்பப் பொருந்த வேண்டும். ஒரு புரி மாறினால் தூரத்து மலை தெளியாது. பிரிகிற இடத்தில் இரண்டு பக்கமும் சாந்தில் சின்னப் பொட்டு வைத்துக் கழற்றினேன். நெற்றிக்கு வைக்கிற அதே சாந்துதான். இது என் சொந்தக் கண்டுபிடிப்பு.

பழைய கிறீஸ் பிசின் மாதிரி இறுகிப்போயிருந்தது. முழுவதையும் கழுவி எடுத்துவிட்டுப் புதுக் கிறீஸ் பூசப் போனால், குழாய் வெறுமை. ஞாயிற்றுக்கிழமை இந்த நாட்டில் ஒரு கடை திறக்காது. திங்கள் காலையும் பூட்டுத்தான். நிமிர்ந்து பார்த்தேன். ஹீட்டருக்கு மேல் தலைக்கு வைக்கிற தேங்காய் எண்ணெய்ப் போத்தல் தண்ணீர் மாதிரி மின்னிக்கொண்டு நின்றது. யாழ்ப்பாணத்தில் நுணுக்குக்காட்டித் திருகுக்கு அதுதானே போட்டோம்? எட்டு வருடமும் ஒரு குறை வந்ததில்லை. இரண்டு துளி விட்டுப் பூட்டினேன். வளையம் வழுக்கிக்கொண்டு ஓடியது. நானே என்னை மெச்சிக்கொண்டேன்.

இங்கே இருக்கிற தமிழ் வீடுகளில் அந்தப் போத்தல் ஏன் ஹீட்டரில் குடியிருக்கிறது என்று ஒரு நிமிடம் யோசித்திருக்கலாம். வைத்த காரணம் மறந்துபோய், வைத்த இடம் மட்டும் பழகிவிட்டிருந்தது.

திங்கட்கிழமை வெளியே சைபருக்குக் கீழே எட்டுப் பாகை குளிர். லென்சைக் கோட்டுக்குள் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நடந்தேன். வீட்மர் வாசலில் காத்து நின்றார், மெலிந்த நெட்டையான மனிதர். வாங்கி வெளிச்சத்தில் பார்த்தார். வளையத்தைத் திருப்பினார். “வெண்ணெய் மாதிரி!” என்றார்.

நான் முதலாளியின் வாயைப் பார்த்தேன். அவர் தொண்டையைச் செருமினார். “நாங்கள் எப்போதும் கவனமாகத்தான் செய்வோம்” என்றார்.

நாங்களாம்! அந்த நாங்களுக்குள் நானும் இருக்கிறேனா, கூட்டுகிற தும்புத்தடியோடு வெளியில் நிற்கிறேனா? வீட்மர் கமெராவில் லென்சைப் பூட்டிக்கொண்டு, தேவாலயக் கோபுரத்தை ஒரு படம் எடுத்துப் பார்க்க வெளியே போனார்.

பத்து நிமிடத்தில் திரும்பி வந்தார். முகம் மாறியிருந்தது. “திரும்புகிறதே இல்லை” என்று லென்சை மேசையில் வைத்தார்.

முதலாளி திருப்பிப் பார்த்தார். அசையவில்லை. உடனே, யோசிக்காமலே, கையை என் பக்கம் நீட்டினார். “மன்னிக்க வேண்டும். இதைச் செய்தது எங்கள் புட்ஸ்ஃபிராவ்.”

புட்ஸ்ஃபிராவ் என்றால் துப்புரவுக்காரி. ‘செய்தது இவள்’ என்று இத்தனை நாளாக வராத சொல், பிழை வந்தவுடன் என்ன வேகமாக வந்தது! வெட்கம் ஒரு பக்கம் பிடுங்கித் தின்றது, கோபம் மற்றப் பக்கம். லென்சைத் தூக்கினேன். விரலில் பட்ட குளிரிலேயே எனக்கு விளங்கிவிட்டது.

“ஐயோ, என்ரை விசர்த்தனமே!” என்று தமிழில் சத்தமாகக் கத்திவிட்டேன். பிறகு எனக்குத் தெரிந்த ஜெர்மனில் சொன்னேன்: “ஆம், நான்தான் செய்தேன். கண்ணாடி துடைத்ததும் நான். எண்ணெய் விட்டதும் நான். தேங்காய் எண்ணெய். குளிரில் கட்டியாகிவிட்டது.”

“தேங்காயா?” வீட்மர் கண்ணை உருட்டினார். “நத்தார்ப் பண்டிகைப் பிஸ்கட்டுக்குப் போடுவதா?”

“அதேதான். பிழை என்னுடையது, திருத்துவதும் நான்தான். மூன்று மணிக்குள் தருவேன். இந்தக் கடையில் இதுவரை நல்லாக வந்த லென்சுகளும் என்னுடையவைதான். அதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.”

முதலாளியின் காது சிவந்தது. அவர் ஏதோ சொல்ல வாயெடுக்க, நான் பின்னறைக்குப் போய் அவருடைய கதிரையில், அவருடைய விளக்குக்குக் கீழே உட்கார்ந்தேன். அவருடைய கிறீஸ் குழாயையும் எடுத்துக்கொண்டேன். இதுவரை அந்தக் கதிரையைத் துடைத்திருக்கிறேன், இருந்ததில்லை.

வீட்மர் பக்கத்தில் வந்து நின்று பார்த்தார். நிற்கட்டும், எனக்கு ஒளிக்க ஒன்றும் இல்லை. ஆணிகளைக் கழற்றினேன். புரியைப் பிரித்தேன். உள்ளே எண்ணெய் வெள்ளை மெழுகாக உறைந்து கிடந்தது. பென்சீனில் மூன்று தரம் கழுவினேன். உள்ளே வெளிச்சத்துக்குத் திறந்து மூடுகிற இதழ்களில் ஒரு பொட்டு எண்ணெய்கூட ஏறவில்லை என்று பார்த்தபின்தான் எனக்கு மூச்சு வந்தது. கிறீஸ் பூசி, பொட்டுக்குப் பொட்டு நேராக வைத்துத் திருகினேன்.

“இந்தச் சிவப்புப் புள்ளி என்ன?” என்று கேட்டார்.

நான் என் நெற்றியைத் தொட்டுக் காட்டினேன். அவர் குனிந்து அந்தப் புள்ளியைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். சிரிக்கவில்லை. “நல்ல முறை” என்றார். யானைக்கும் அடி சறுக்கும், சரி. சறுக்கிய யானை எழும்புகிற எழும்பலையும் யாராவது பார்க்கத்தானே வேண்டும்?

இரண்டரைக்குப் பூட்டி முடித்தேன். அதைக் குளிரில் திருப்பிப் பார்க்க வெளியே கொண்டுபோன வீட்மர் வரவே இல்லை. பத்து நிமிடம், பதினைந்து நிமிடம். முதலாளி கண்ணாடிப் பெட்டியையே திரும்பத் திரும்பத் துடைத்தார். நான் சுவர் மணிக்கூட்டைப் பார்த்தபடி நின்றேன். வீட்மர் மூக்கு சிவக்க உள்ளே வந்து, லென்சைக் கழற்றி என் உள்ளங்கையில் வைத்தார். ஐஸ் மாதிரிக் குளிர்ந்திருந்தது. வளையத்தைத் திருப்பினேன். இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம்வரை ஒரே சீராக ஓடியது.

“துண்டு எழுதுங்கள்” என்றார் முதலாளியிடம். முதலாளி பேனாவை எடுத்தார். ‘பழுதுபார்த்தவர்’ கோட்டுக்குப் போன கையை வீட்மர் விரலால் தடுத்தார். “உங்கள் பெயர் அல்ல. இந்த அம்மாவின் பெயர்.”

முதலாளி என்னைப் பார்த்தார். பேனா அந்தரத்தில் நின்றது. ஒன்றரை வருடம் அவருடைய தரையைத் துடைத்தவள், அவருக்குத் தங்கக் கை வாங்கிக் கொடுத்தவள். அவருக்கு என் பெயர் தெரியவில்லை.

“தில்லைநாயகி” என்றேன்.

“தில்லா... சுருக்கமாக ஏதாவது?”

“இல்லை.”

வீட்மர் மணிக்கூட்டைப் பார்த்தார், மூன்றுக்கு இன்னும் ஏழு நிமிடம். பையை நிலத்தில் வைத்தார். “எழுதட்டும். அடுத்த ரயிலும் இருக்கிறது” என்றார்.

ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னேன். ஜெர்மன் எழுத்தில் பதின்மூன்று. கோடு முடிந்து, ஓரத்துக்கும் போய், அவர் கடைசி எழுத்தை எழுதி முடிக்கும்வரை நான் அந்த லென்சைக் கையிலிருந்து விடவில்லை.