மூன்றாவது பெயர்

பள்ளிக்கூடத்தில் என்னைச் சீண்ட வேண்டுமென்றால் பிள்ளைகள் ஒரு கேள்வியைத்தான் கேட்பார்கள்: "உன்ர அம்மா நேற்று எத்தினை பேரைச் சாகடிச்சவ?"

என் அம்மா இராசமலர், திருகோணமலையில் ஒரு சிறிய வானொலி நிலையத்தில் அறிவிப்பாளராக இருந்தார். காலையில் கடல் நிலவரமும் மூதூர்ப் படகு ஓடுமா ஓடாதா என்ற தகவலும் சொல்வார். பகலில் பாட்டுப் போடுவார். மாலைச் செய்திக்குப் பிறகு மரண அறிவித்தல் வாசிப்பார். ஊர் இந்தக் கடைசி வேலையை மட்டும்தான் நினைவில் வைத்திருந்தது. சந்தையில் விலை கேட்டாலே மீன்காரர் குரலை அடையாளம் கண்டு நிமிர்வார். "இண்டைக்கு ஆரக்கா?" என்பார். "இன்னும் ஒருத்தரும் வரேல்லை. நீங்க கவனமா இருங்கோ" என்று அம்மா சொல்லிவிட்டு மீனைப் புரட்டிப் பார்ப்பார்.

அம்மா போன வருடம் இறந்த பிறகு, நான் கற்பிக்கும் மாலை வகுப்பு இல்லாத நாட்களில் இதை எழுத முயன்று பல தடவை கைவிட்டேன். நான் அறிந்தது எது, பிறர் சொன்னது எது என்று பிரிக்காமல் எழுத எனக்கு வராது. ஆகவே முதலிலேயே சொல்லிவிடுகிறேன். 1997இல் எனக்குப் பன்னிரண்டு வயது. இங்கே சொல்லப்போகும் மரண அறிவித்தலை நான் வீட்டிலிருந்து கேட்டேன், அவ்வளவுதான். மற்றவை அம்மாவும் நிலையப் பொறுப்பாளர் ஜவாஹிர் மாமாவும் சொன்னவை. இருவரும் தனித்தனியே சொன்னபோதும் கதை மாறவில்லை.

மரண அறிவித்தலுக்கு ஓர் ஒழுங்கு உண்டு. பிறந்த ஊர், வசித்த ஊர், பெயர், துணையின் பெயர், பிறகு பிள்ளைகளின் பெயர்கள், மூத்தவரிலிருந்து இளையவர் வரை. இறந்துபோன பிள்ளை என்றால் பெயருக்கு முன்னால் "காலஞ்சென்ற" என்று வரும். இருக்கிற பிள்ளைக்கு வெறும் பெயர். போர்க் காலத்தில் இந்த இரண்டிலும் சேராத பிள்ளைகள் பல வீடுகளில் இருந்தார்கள். குடும்பத்தார் அந்தப் பெயர்களைப் பேசாமல் விட்டுவிடுவார்கள். அயலவருக்கு வரிசை தெரியும். விடுபட்டதைத் தங்களுக்குள் நிரப்பிக்கொள்வார்கள்.

அன்று மத்தியானம் உட்துறைமுக வீதியிலிருந்த நிலையத்தின் படிகளில் ஆனந்தராசா என்பவர் ஏறி வந்தார். அவருடைய அக்கா புஷ்பவதியின் கணவர் கனகசுந்தரம் காலையில் இறந்திருந்தார். திரியாயிலிருந்து இடம்பெயர்ந்து பாலையூற்றில் இருந்த குடும்பம். கூடவே இறந்தவரின் மூத்த மகள் கமலாதேவியும் வந்திருந்தாள். அறிவித்தலைக் கமலாதேவி எழுதியிருந்தாள். பிள்ளைகளின் பெயர்கள் நான்கு. மூன்றாவது பெயரை யாரோ பேனையால் அடித்திருந்தார்கள்.

பெயர்களைக் கொண்டுவந்தவரையே ஒருதடவை வாசிக்கச் சொல்வது அம்மாவின் வழக்கம். உச்சரிப்புப் பிழைக்கக்கூடாது என்பதற்காக. ஆனந்தராசா மூன்று பெயர்களை வாசித்தார்.

"இதில நாலு கிடக்கே?" என்று அம்மா கேட்டார்.

கமலாதேவிதான் சொன்னாள். "தம்பி தவராசா. அவன்ர பேரையும் போடச் சொல்லித்தான் அம்மா விட்டவ. மாமாதான் வழியில அடிச்சவர்."

தவராசா 1990இல் குடும்பம் தங்கியிருந்த பள்ளிக்கூட அகதி முகாமில் இருந்து படையினரால் லொறியில் ஏற்றிச் செல்லப்பட்டவன். பிறகு புஷ்பவதி எந்த வாசலில் போய்க் கேட்டாலும், அப்படி ஒருவரை நாங்கள் பிடிக்கவே இல்லை என்றுதான் சொன்னார்களாம். ஆனந்தராசாவின் பயம் அதைப் பற்றியது அல்ல. தவராசாவின் அண்ணன் இரத்தினசிங்கம் துறைமுகத்தில் வேலை செய்தான். வேலைக்குப் போகவும் வரவும் சோதனைச் சாவடியைக் கடக்க வேண்டும். வீட்டில் இல்லாத தம்பி உயிரோடு இருக்கிறான் என்று வானொலி சொன்னால், அவன் இயக்கத்துக்குப் போய்விட்டான் என்றுதான் எடுத்துக்கொள்வார்கள். அப்புறம் அண்ணனை நிறுத்திக் கேட்பார்கள்.

ஜவாஹிர் மாமா இடையில் வந்தார். தலையைச் சொறிந்தபடி, பணிவாக, அடித்ததை அடித்ததாகவே விட்டுவிடலாம் என்றார். "எங்கட மைக்குக்கு ஒரு ஆளுக்கு உயிர் குடுக்கவும் ஏலாது, எடுக்கவும் ஏலாது, தங்கச்சி. பாட்டுப் போடுற சாமான் அது."

ஆனந்தராசாவுக்கு அதில் ஒரு வழி தெரிந்தது. "விடுறது மனசுக்குக் கஷ்டமெண்டால், காலஞ்சென்ற எண்டு போட்டு வாசியுங்கோ. எல்லாருக்கும் நிம்மதி."

"அதை நீங்களும் சொல்ல ஏலாது, நானும் சொல்ல ஏலாது அண்ணை" என்றார் அம்மா. "பெத்தவ சொல்லட்டும்."

பிற்பகல் பாட்டு நிகழ்ச்சியை ஜவாஹிர் மாமாவிடம் ஒப்படைத்துவிட்டு அம்மா ஓட்டோ பிடித்துப் பாலையூற்றுக்குப் போனார். அறிவித்தல் வாசிக்கிறவர் செத்தவீட்டுக்கே வந்ததைக் கண்டு அங்கிருந்தவர்கள் வழிவிட்டார்களாம். அழுதுகொண்டிருந்த ஒரு கிழவி நிறுத்திவிட்டு, "இவவோ? நான் இன்னும் கறுப்பா இருப்பா எண்டு நினைச்சனான்" என்றாளாம். இதை அம்மா ஒவ்வொரு தடவையும் விடாமல் சொல்வார்.

புஷ்பவதி கணவரின் தலைமாட்டில் இருந்தார். அம்மா அருகில் குந்தி, மூன்று வழி இருக்கிறது என்று விளக்கினார். பெயரை விடலாம், காலஞ்சென்ற என்று சொல்லலாம், மற்றப் பிள்ளைகளைப் போல வெறும் பெயராக வாசிக்கலாம். மூன்றாவதால் மூத்த மகனுக்குக் கரைச்சல் வரக்கூடும் என்பதையும் மறைக்கவில்லை.

"செத்துப்போனான் எண்டு பத்திரம் தாறம், கையெழுத்து வையுங்கோ எண்டு அரசாங்க ஆக்கள் ரெண்டு தரம் வந்தவை" என்றார் புஷ்பவதி. "நான் வைக்கேல்லை. இப்ப நீங்க ரேடியோவில அப்பிடி வாசிச்சா, நான் வைச்சதுதான். விட்டாலும் வைச்சதுதான்."

அம்மா இரத்தினசிங்கத்தைத் தேடினார். அவன் வெளியே பந்தல் கயிறு கட்டிக்கொண்டிருந்தான். அவனிடமும் அதையே கேட்டார். அவன் முடிச்சை இறுக்கிவிட்டுத்தான் திரும்பினான்.

"வாசியுங்கோ அக்கா. என்னை மறிச்சுக் கேட்டால் நான் பதில் சொல்லிக்கொள்ளுறன். அவனுக்கு முன்னால பிறந்தனான் தானே."

அன்று மாலை நான் வீட்டில் கேட்டது இது:

"திரியாயைப் பிறப்பிடமாகவும் பாலையூற்றை வசிப்பிடமாகவும் கொண்ட கனகசுந்தரம் இன்று காலமானார். அன்னார் புஷ்பவதியின் அன்புக் கணவரும், கமலாதேவி, இரத்தினசிங்கம், தவராசா, விமலேஸ்வரி ஆகியோரின் பாசமிகு தந்தையுமாவார்."

எனக்கு அதில் எதுவும் வித்தியாசமாகத் தோன்றவில்லை. நான்கு பெயர்களும் ஒரே நடையில் வந்தன. மூன்றாவதில் குரல் தாழவில்லை, உயரவும் இல்லை. அப்படி வாசிக்க அம்மா எவ்வளவு தெம்போடு இருந்திருக்க வேண்டும் என்பது எனக்குப் பிந்தித்தான் விளங்கியது.

அடுத்த பாட்டு முடிவதற்குள் நிலையத்துத் தொலைபேசி அடித்தது. ஜவாஹிர் மாமா எடுத்து, கேட்டு, அம்மாவிடம் நீட்டினார். பேசியவர் பெயர் சொல்லவில்லை. சிங்களம் கலந்த கொச்சைத் தமிழ். கேள்வி ஒன்றுதான்: தொண்ணூறில் பள்ளிக்கூடத்தில் இருந்து லொறியில் ஏற்றின தவராசாவை உயிரோடு இருக்கிறவனாக ஏன் வாசித்தாய்?

ஜவாஹிர் மாமா கையால் சைகை காட்டினாராம், மன்னிப்புக் கேட்டுவிட்டு வை என்று. அம்மா கதிரையில் இருந்து எழுந்து நின்றார்.

"அறிவித்தலில நாங்கள் லொறியைப் பற்றி ஒண்டும் சொல்லேல்லையே" என்றார், வானொலியில் பேசும் அதே குரலில். "ஏத்தினது உங்களுக்குத் தெரியுமோ? அந்தத் தாய்க்கு ஏழு வருசமா ஒருத்தரும் அதைச் சொல்லேல்லை. உங்கட பேரைச் சொல்லுங்கோ, எழுதிக்கொள்ளுறன்."

மறுமுனையில் தொடர்பு அறுந்தது.

"பேர் சொன்னானோ?" என்று ஜவாஹிர் மாமா கேட்டார்.

"இல்லை ஜவாஹிர் நானா. ஆனால் ஏத்தினதெண்டு சொல்லிப்போட்டான்."

இரத்தினசிங்கத்தை அந்தக் கிழமை சாவடியில் இரண்டு தடவை நிறுத்தினார்கள். இரண்டு தடவையும் அவன் ஒரே பதிலைச் சொன்னானாம்: தம்பியை ஏற்றியவர்களிடம்தான் அவன் எங்கே என்று கேட்க வேண்டும். விட்டுவிட்டார்கள். விட்டிராவிட்டால் நான் இந்தக் கதையை இப்படி எழுதியிருக்கமாட்டேன் என்பதும் எனக்குத் தெரியும்.

கிரியைகள் முடிந்ததும் புஷ்பவதி எங்கள் வீட்டுக்கு வந்தார். கதிரையைக் காட்டியும் இருக்கவில்லை. தொலைபேசியில் கேட்டதைத் தன்னோடு வந்து சொல்ல முடியுமா என்று கேட்டார். காணாமற்போனோரைப் பற்றி முறைப்பாடு எடுக்கும் அலுவலகத்துக்கு. வேலை போகலாம் என்று அம்மாவுக்குத் தெரியும். எங்கள் வீட்டில் அம்மாவின் சம்பளம் மட்டும்தான்.

"எத்தினை மணிக்குப் போகவேணும்?" என்றுதான் அம்மா கேட்டார்.

வேலை போகவில்லை. ஜவாஹிர் மாமா, பாட்டுக்கு நடுவில் வந்த தொலைபேசி யாருக்கென்று தனக்கு நினைவில்லை என்று எல்லோரிடமும் சொல்லித் திரிந்தார். அம்மா அலுவலகத்தில் தொலைபேசியில் கேட்ட அந்த ஒரு வாக்கியத்தை ஒரு சொல்லும் கூட்டாமல் குறைக்காமல் சொல்ல, அவர்கள் எழுதிக்கொண்டார்கள். எழுதியதைத் திரும்ப வாசித்துக் காட்டச் சொன்னாராம் அம்மா.

தவராசா இன்றுவரை வரவில்லை. புஷ்பவதி இன்னும் அலுவலகங்களுக்குப் போய்வருகிறார். நாட்கள் தள்ளிப்போடுகிறார்கள், வேறு இடத்துக்கு அனுப்புகிறார்கள். ஆனால் அப்படி ஒரு பிள்ளையைப் பிடிக்கவே இல்லை என்று மட்டும், அதன் பிறகு யாரும் அவருடைய முகத்தைப் பார்த்துச் சொன்னதில்லை.