நாலு டிகிரி

"கொட்டாதீங்க!" என்று பாய்ந்து கொழுந்தனின் கையிலிருந்து கடைசிப் பாட்டிலைப் பிடுங்கினாள். மூன்று பாட்டில்கள் ஏற்கெனவே காலியாகித் தொட்டியில் உருண்டு கிடந்தன.

"சாக்கடைத் தண்ணி அண்ணி! வர்றவங்களுக்குக் குடிதண்ணி வைக்க ஃப்ரிட்ஜுல இடம் வேணாமா?"

"உங்கண்ணன் குளிர்ல, முழங்கால் சேத்துல நின்னு, பாசியைத் துணி மாதிரிப் பிழிஞ்சு எடுத்த தண்ணி. நெஞ்சுல சளி கட்டிச் செத்ததே இதுக்குத்தான்."

கூடத்தில் அண்ணன்காரர் வாய்திறக்காமல் படுத்திருந்தார். உயிரோடிருந்தபோதும், காய்கறிக்கு இடம் கேட்டுக் கத்தினால் இதே மௌனம்தான். அவர்மேலும் அவளுக்கு எரிச்சல் எரிச்சலாக வந்தது.

அவர் வேலை பார்த்த கல்லூரியின் துறைத்தலைவர் ஒரு கையில் மலர்வளையமும் மறு கையில் ஐஸ்பெட்டியுமாக நுழைந்தார். துக்கம் விசாரிக்க வருகிறவர் கொண்டுவரும் சாமானா அது? வளையத்தை வைத்த கையோடு அடுக்களை வாசலுக்கு வந்துவிட்டார்.

"அவர் தண்ணி எடுத்த சதுப்பை மண்ணடிச்சு மூடிட்டாங்கம்மா. உலகத்துல வேற எங்கயும் பார்க்காத நுண்பாசி. இப்ப உங்க ஃப்ரிட்ஜுல மட்டுந்தான் உயிரோட இருக்கு."

"அவர் காமிச்சப்ப லென்ஸ்ல தூசின்னீங்களாமே?"

அவள் பாட்டிலை ஜன்னல் திட்டில், நல்ல வெயிலில் வைத்தாள்.

"ஐயோ, அது நாலு டிகிரியிலதான்..."

"தெரியும். இருபத்திரண்டு வருஷமா அதுகூடத்தான் குடித்தனம். கட்டுரை யார் பேர்ல வெளிவருது?"

"துறை பேர்ல. கடைசியில இவருக்கு ஒரு நன்றி..."

"அதை நீங்களே வச்சுக்குங்க. கண்டுபிடிச்சது அவர், முதல் பேர் அவர் பேர்னு எழுதிக் கையெழுத்துப் போடுங்க."

"சாவு வீட்ல பேரம் பேசலாமாம்மா?"

"பெட்டியோட வந்தது நானா?"

அவர் வெயிலைப் பார்த்தார், பாட்டிலைப் பார்த்தார், நெற்றியைத் துடைத்தார். அவளும் உள்ளுக்குள் நிமிஷத்தை எண்ணிக்கொண்டுதான் இருந்தாள். கடைசியில் அவர் பேனாவை எடுத்தார். இரண்டு வரி ஓடிய பேனா நின்றது.

"அவரோட... முழுப் பேரு?"

ஆய்வகத்தில் எல்லோருக்கும் அவர் 'பாட்டிலு'தான்.

கொழுந்தன் சொல்ல வாயெடுத்தான். அவள் கைகாட்டி அடக்கினாள். ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்குச் சொல்வதுபோல் எழுத்தெழுத்தாகச் சொன்னாள். எழுதியதைச் சத்தமாகப் படிக்கவைத்தாள். இன்னொரு தரம் படிக்கவைத்தாள்.

கையெழுத்தானதும் பாட்டிலை எடுத்தாள். வெளியே முத்து முத்தாக வேர்த்திருந்தது. முந்தானையால் ஒற்றி, பெட்டிக்குள் தானே நிறுத்தி, கழுத்துவரை ஐஸைச் சரித்து மூடினாள்.