வேனில் வந்த நோயாளி

ஹோமியோபதிக் கல்லூரியின் படிப்புச் சூழல் எப்படி என்று மாணவர்களைக் கேட்கிற படிவத்தில் ஐம்பது கேள்விகள். தேவிகா நாற்பத்தொன்பதுக்கு ஒரே மூச்சில் டிக் போட்டுவிட்டாள். பதினேழாவதில்தான் பேனா நின்றது: ‘நோயாளி சொல்வதைக் காதுகொடுத்துக் கேட்க இங்கே கற்றுக்கொண்டேன்.’

“எல்லாத்துக்கும் ‘ஆமா’ போட்டுட்டு வாடி. இன்டர்னல் மார்க் அவங்க கையிலதான் இருக்குது,” என்றாள் பக்கத்து நாற்காலி சௌமியா.

அந்தக் கல்லூரி ஆஸ்பத்திரியில் நோயாளிகளைவிடப் புறாக்கள் ஜாஸ்தி. நான்கு வருடமாகத் தேவிகா எழுதிய கேஸ்களெல்லாம் சீனியர் நோட்டிலிருந்து இறங்கியவை. பெயரும் வயதும் மட்டும் புதுசு. ஆய்வுக்குழு வரும் அன்று படுக்கைகள் நிரம்பிவிடும். கட்சிக் கூட்டத்துக்கு ஆள் திரட்டுகிற மாதிரி, ஆம்பூர் ஷூ கம்பெனிகளிலிருந்து வேனில் இறக்குவார்கள். ஆளுக்கொரு வியாதி சொல்லிக்கொடுப்பது பாடம் நடத்துகிற பிரேம்நாத் சார். இல்லாத நோயை இருக்கிற நோயைவிட நன்றாக விற்கத் தெரிந்தவர்.

பொங்கல் கழிந்து நடந்த ஆய்வுக்கு, அந்த வேனிலிருந்து அவள் அம்மா சாவித்திரியும் இறங்கினாள். கம்பெனியில் பசை தடவுகிற செக்‌ஷன். ஹாஸ்டலில் இருந்து படிக்கிற பெண், டாக்டராக உட்கார்ந்திருப்பதை ஒரு தடவை பார்த்துவிட வேண்டுமென்று அரைநாள் லீவு போட்டிருந்தாள். அவளுக்குக் கிடைத்த வியாதி மூட்டுவலி. மகளைத் தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளக் கூடாதென்று கண்டிப்பு.

ஆய்வாளர் பின்னால் நிற்க, தேவிகா கேட்க ஆரம்பித்தாள். ஹோமியோபதியில் கேள்வி லேசில் முடியாது. தாகம், வியர்வை, கனவு என்று போய், தனியாக அழுவது உண்டா என்பதுவரை கேட்க வேண்டும். அம்மா மூட்டுவலியை ஒரு வரியில் முடித்துவிட்டாள்.

“மூணு மாசமா இருமல், டாக்டரம்மா. சாயங்காலமானா காய்ச்சல் அடிக்குது. ஜாக்கெட்டெல்லாம் தொளதொளன்னு ஆயிடுச்சு. வூட்ல சொல்லல. பொண்ணு படிக்குது, அத்த பேஜார் பண்ணக் கூடாதுன்னு.”

தேவிகா ஒரு வார்த்தை விடாமல் எழுதினாள். பிரேம்நாத் சார் இந்தத் தடவை நன்றாகத்தான் தயார் செய்திருக்கிறார் என்று நினைத்துக்கொண்டாள். ஆய்வாளர் தாளை வாங்கிப் பார்த்து, கேஸ் எடுத்தால் இப்படி எடுக்க வேண்டும் என்றார்.

ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்குப் போனவள், “சூப்பரா நடிச்சம்மா,” என்றாள். அம்மா அவள் முகத்தையே கொஞ்சநேரம் பார்த்தாள். பிறகு, “நல்லா இருந்துச்சா?” என்று சிரித்துவிட்டுத் தட்டில் குழம்பை ஊற்றினாள். நடுவில் இருமினாள். பசை வாடைக்கு இருமாதவர்கள் அந்த செக்‌ஷனில் யார் என்று தேவிகா விட்டுவிட்டாள்.

பங்குனியில் அம்மாவுக்கு இருமலோடு ரத்தமாக வந்தது. வேலூரில் பெரிய டாக்டர் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். ஒரு பக்க நுரையீரல் வீணாகிவிட்டது, பொங்கல் சமயத்திலேயே வந்திருந்தால் என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டார். யாரிடமுமே சொல்லவில்லையா என்று கேட்டார்.

சாவித்திரி மகள் பக்கம் திரும்பவில்லை. “ஒரு டாக்டரம்மாகிட்ட சொன்னேன் சார். நல்லா எழுதிக்கினாங்க.”

நின்ற பேனாவை எடுத்து, தேவிகா பதினேழாவது கேள்விக்கு ‘சிறிதும் இல்லை’ என்பதில் டிக் போட்டாள். பெயர் எழுத வேண்டாமென்று தாளின் தலையிலேயே அச்சடித்திருந்தது. பெயரை எழுதினாள், அடியில் அந்த கேஸ் ஷீட்டின் எண்ணையும் எழுதினாள். இன்னாடி பண்ற என்று சௌமியா கையைப் பிடிப்பதற்குள் தாள் மேஜைக்குப் போய்விட்டது.

பிளாஸ்க்கை எடுத்துக்கொண்டு வேலூர் பஸ்ஸுக்கு நடந்தாள். நாலு மணிக்குத்தான் வார்டுக்குள் விடுவார்கள். அம்மா இப்போதெல்லாம் அதிகம் பேசுவதில்லை. பேசினால், பக்கத்தில் இருக்க வேண்டும்.